அக்குளில் நெறிக்கட்டி, ஸ்கேன் திரையில் ஏஐ போட்ட சிவப்புக் கட்டம்: உங்கள் அனுபவம் என்ன?

மதுரைக்காரி:
சித்திக்கு இடது மார்பில் புற்றுநோய் என்று பயாப்ஸியில் உறுதியாகிவிட்டது. அக்குளுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுத்தார்கள். கையைத் தலைக்கு மேல் வைக்கச் சொல்லி, ஜெல் தடவி டாக்டர் பார்த்துக்கொண்டே வந்தார். சட்டென்று ஒரு நெறிக்கட்டியை (வீங்கிய நிணநீர்க் கணுவை)ச் சுற்றிச் சிவப்புக் கட்டம் விழுந்தது; பக்கத்தில் 78 என்று எண். சித்தி அதைப் பார்த்துவிட்டார்.

"எழுபத்தெட்டு சதவீதம் பரவிடுச்சா டாக்டர்?"

அது ஏஐயின் சந்தேக மதிப்பெண், நோயின் அளவு இல்லை என்றார் டாக்டர். (அந்தத் திரையை நோயாளி பக்கம் திருப்பி வைக்காமல் இருக்கலாம்!) நெறிக்கட்டியின் வெளிப்பட்டை 3.6 மி.மீ. இருந்தது. 3ஐத் தாண்டினால் ஊசியால் செல்களை எடுத்துப் பரிசோதிப்பது வழக்கமாம். அப்புறம் சித்தியின் கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் ஓரம் காய்ந்த கீறல். பூனை பிறாண்டி மூன்று வாரம் இருக்கும். அதனாலும் அக்குளில் நெறி கட்டுமாம். "இது மெஷினுக்கு எப்படித் தெரியும்?" என்றார், ஆனாலும் ஊசியை விடவில்லை. நான்கு நாள் கழித்து ரிப்போர்ட்: புற்றணுக்கள் இல்லை. அதோடு விட்டுவிடவும் இல்லை. ஆபரேஷனில் நீலச் சாயம் ஏற்றி, மார்பிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணுவை எடுத்துப் பார்த்த பிறகுதான் சரி என்றார்கள்.

கோவை மகன்:
எங்களுக்கு நேர்மாறு. அம்மாவுக்குத் தைராய்டு புற்றுநோய். டாக்டர் கடந்துபோன ஒரு சின்னக் கணுவில் ஏஐ கட்டம் போட்டது. திரும்ப வந்து பார்த்தால் உள்ளே பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். ஊசி டெஸ்டில் பரவல் உறுதியானது. கழுத்துப் பக்கக் கணுக்களையும் சேர்த்தே எடுத்தார்கள்.

ஸ்கேன் டாக்டர்:
பூனைக் கதையைப் படித்ததும் 2020இல் சீனாவின் குவாங்சோவிலிருந்து வந்த ஆய்வு நினைவுக்கு வந்தது. ஆரம்பநிலை மார்புப் புற்றுநோய் உள்ள 584 பேர். மார்புக் கட்டியின் ஸ்கேன் படத்தை வைத்தே அக்குள் பரவலைக் கணிக்கப் பார்த்தார்கள். படத்தோடு நோயாளியின் விவரங்களையும் சேர்த்தபோதுதான் கணிப்பு நன்றாக வந்தது. ஸ்கேனுக்கு வரும்போது சமீபத்தில் எந்தக் கையில் தடுப்பூசி போட்டீர்கள், எங்கே புண் என்று சொல்லிவிடுங்கள்; அவற்றாலும் நெறி கட்டும். நாங்கள் கேட்க மறந்தாலும் சொல்லுங்கள்.

மதுரைக்காரி:
நன்றி டாக்டர். பூனை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. கீமோ முடியும்வரை அதைத் தூக்கக் கூடாது என்று சித்திக்கு உத்தரவு.