தாயம் ஏன் விழ மாட்டேங்குது? நிகழ்தகவில் பிள்ளைகளுக்குக் கை கொடுத்த அனுபவங்கள்

மஞ்சக்குப்பம் டியூஷன் டீச்சர்:

பத்தாம் வகுப்புக் கணக்கில் எட்டாவது பாடம், புள்ளியியலும் நிகழ்தகவும். கடைசிப் பாடம் என்பதால் பள்ளியில் ஓட்டமாக ஓடி முடித்துவிடுகிறார்கள். "சாதகமானதை மொத்தத்தால் வகுக்கணும் மிஸ்" என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். மொத்தம் எத்தனை என்று எண்ணச் சொன்னால்தான் தடுமாற்றம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலும் தென்பெண்ணை வெள்ளமும் கடலூரைப் புரட்டிப் போட்டது நினைவிருக்கும். பள்ளி லீவு, கரண்ட் இல்லை. என் டியூஷன் பிள்ளைகள் நாலு பேர் திண்ணையில் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு மட்டும் காயே இறங்கவில்லை. "எனக்கு மட்டும் ஏன் மிஸ் தாயம் விழ மாட்டேங்குது?" என்று கண் கலங்கிவிட்டாள்.

"விழ எவ்வளவு வாய்ப்புன்னு நீயே கணக்குப் போடு" என்றேன். 1, 2, 3, 4, 5, 6, 12 என்று ஏழு விதமாக விழும், அதில் 1 விழுந்தால் மட்டும்தான் தாயம், ஆக 1/7 என்று எழுதினாள். தப்பு என்று நான் சொல்லவில்லை. தாயக்கட்டை இரண்டில் ஒன்றின் நுனியில் மட்டும் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்து இரண்டையும் அவள் கையில் கொடுத்தேன். கட்டைக்கு நாலு பக்கம்: ஒன்று வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி. சிவப்புக் கட்டை மேலே, சாதாக் கட்டை பக்கவாட்டில் என்று கட்டம் போடச் சொன்னேன். 16 கட்டம் வந்தது. ஒவ்வொன்றிலும் கூட்டுத்தொகையை எழுதிக்கொண்டே வந்தவள் பாதியில் நிமிர்ந்து, "மிஸ், மூணுங்கிற தொகை நாலு இடத்துல வருது, பன்னிரண்டு ஒரே இடத்துலதான்!" என்றாள். இரண்டும் வெறுமையாக விழுந்தால்தானே பன்னிரண்டு. தாயம் 2 கட்டத்தில், ஆக 2/16, அதாவது 1/8. ஏழு விதம் உண்டு, ஆனால் ஏழும் சமம் இல்லை என்பதை அவளே கண்டுபிடித்தாள். வரக்கூடிய எல்லா முடிவுகளையும் சேர்த்துக் கூறுவெளி என்பார்கள்; அந்தச் சொல்லை அதற்கப்புறம்தான் சொன்னேன்.

"அப்ப எட்டுத் தடவை போட்டா ஒண்ணு கட்டாயம் விழுமா?" என்று அடுத்த கேள்வி. கட்டாயமில்லை. எட்டுத் தடவையும் விழாமல் போவதற்கு 7/8-ஐ எட்டு முறை பெருக்க வேண்டும். ஏறக்குறைய 0.34, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இது அவள் பாடத்தில் இல்லாதது. ஆனாலும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நோட்டில் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

லாஸ்பேட்டை கல்லூரி மாணவன்:

புதுச்சேரியில் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறிய பிறகு பக்கத்து வீட்டுத் தம்பி இங்கிலீஷ் புத்தகத்தோடு என்னிடம் வருகிறான். இரண்டு காசு சுண்டினால் ஒரு தலையாவது விழ என்ன வாய்ப்பு என்று கணக்கு. இரண்டும் தலை, ஒன்று தலை ஒன்று பூ, இரண்டும் பூ. மூன்றில் இரண்டு, ஆக 2/3 என்றான். டீச்சர், நீங்கள் சொன்ன அதே தப்பு. ஐந்து ரூபாய், ஒரு ரூபாய் என்று வேறு வேறு காசு கொடுத்ததும், தலை-பூ வேறு, பூ-தலை வேறு என்று பிடித்துக்கொண்டான். மொத்தம் நாலு, விடை 3/4.

முகம் வாடியிருந்தவனிடம் ஒன்று சொன்னேன். தாலம்பேர் என்ற பெரிய பிரெஞ்சுக் கணித மேதை 1754-ல் கலைக்களஞ்சியத்தில் இதே கணக்குக்கு 2/3 என்றுதான் எழுதினார். முதல் காசிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது என்று வைத்து, தலை, பூ-தலை, பூ-பூ என்ற சமமில்லாத மூன்றைச் சமமாக எண்ணிவிட்டார். "அவ்ளோ பெரிய ஆளாண்ணே?" என்று தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

முதுநகர் அம்மா:

என் பொண்ணுக்குச் சிக்கல் சீட்டுக்கட்டு. எங்க வீட்டுல சீட்டே கிடையாது. கிளாவர்னா எப்படி இருக்கும்னு ஒருத்தர்கிட்ட கேட்டிருக்கா, "இதுகூடத் தெரியாதா"ன்னுட்டாங்களாம். அதுக்கப்புறம் யார்கிட்டயும் சந்தேகமே கேக்கல. எனக்கு மனசு தாங்கல. அவ தாத்தா முகம் சுளிச்சாலும் ஒரு கட்டு வாங்கிட்டு வந்தேன்.

பாய்ல பரப்பினோம். 52 சீட்டு, நாலு வகை, வகைக்கு 13. ஒரு சீட்டு எடுத்தா ராஜாவோ ஹார்ட்டோ வர என்ன நிகழ்தகவுன்னு கேள்வி. ராஜா நாலையும் ஒரு பக்கம் வெச்சா, ஹார்ட்டு எல்லாத்தையும் இன்னொரு பக்கம் அடுக்கினா. ஹார்ட்டுல 12தான் இருந்துச்சு. தேடினா, ஹார்ட்டு ராஜா ஏற்கெனவே ராஜா குவியல்ல உக்காந்திருக்கு. அதைக் கையில வெச்சுக்கிட்டு, "இது ரெண்டுலயும்தானம்மா இருக்கணும்"னா. நாலும் பதிமூணும் பதினேழு, ரெண்டு தடவை எண்ணின ஒண்ணைக் கழிச்சா 16. 16/52, சுருக்கினா 4/13.

மறுநாள் வகுப்புல அவளே கையைத் தூக்கிக் கேட்டாளாம், "சார், ஏஸ் முகச் சீட்டுல சேருமா?"ன்னு.