கஜா புயல் முடிஞ்சு நல்ல வெயில், மாடில பேனல், ஆனா கரண்ட் இல்ல: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

திருத்துறைப்பூண்டி:

நாங்க கொஞ்ச பேர் சேந்து நடத்துற ஹாஸ்டல், அறுபது பிள்ளைங்க இருக்காங்க, வரவு செலவு நான்தான் பாக்குறேன். 2017ல மாடில 5 கிலோவாட் சோலார் போட்டோம், ரெண்டு மாசத்துக்கு ஒருக்க வர்ற பில்லு பாதிக்கு மேல குறைஞ்சிடுச்சு, இனிமே கரண்ட் கவலை விட்டுச்சுன்னுதான் எல்லாரும் நெனச்சோம். 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா அடிச்சுச்சு. தென்னை, மா, ஓட்டு வீடு, கரண்ட் கம்பம் எல்லாம் சாஞ்சு கெடந்துச்சு, எங்க பேனல் மட்டும் ஒண்ணுகூட அசையல.

மூணாவது நாள் நல்ல வெயில். இன்வர்ட்டர்ல சிவப்பு லைட்டு எரியுது, மோட்டார் ஓடல. வார்டன் அக்கா "வெயில்தான் இப்படி காயுதே தம்பி, அப்புறம் ஏன் தண்ணி ஏறல"ன்னு கேட்டாங்க, எனக்கு பதில் தெரியல. போட்டுக்குடுத்தவங்கள கூப்பிடலாம்னா டவரும் இல்ல. பத்து நாள் கழிச்சு திருச்சி போயி நேர்ல கேட்டப்பதான் வெவரம் புரிஞ்சுச்சு. எங்களது ஆன்-கிரிட். லைன்ல கரண்ட் இருந்தாதான் அந்த இன்வர்ட்டர் வேலை செய்யும், லைன் போனதும் அதுவா நின்னுடும், ஏன்னா கம்பத்துல ஏறி வேலை பாக்குற லைன்மேன் மேல நம்ம மாடி கரண்ட் பாஞ்சிடக் கூடாது. அது நியாயமான ஏற்பாடு, அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா போடுறப்பவே இத ஒருத்தரும் வாய் திறந்து சொல்லலையேன்னு எனக்கு இன்னிக்கும் ஆறல. 22 நாள் வாடகை ஜெனரேட்டர்ல தண்ணி ஏத்துனோம், டீசலுக்கு மன்னார்குடி வரைக்கும் போயி நின்னோம், பிள்ளைங்க குளிக்கறதுக்கு முறை வச்சு அனுப்புனோம்.

2019ல ஹைபிரிட் இன்வர்ட்டருக்கு மாத்துனோம், அது லைன் போனாலும் பேனல், பேட்டரிய வச்சு ஓடும். 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரி எட்டு போட்டோம். கணக்குக்கு 14 யூனிட்டுக்கு மேல வரும், ஆனா லெட் ஆசிட் பேட்டரிய பாதிக்கு கீழ இறக்குனா சீக்கிரம் செத்துடும், அதனால கையில நிக்கிறது 7 யூனிட்தான். அதுக்குள்ள என்னென்ன ஓடணும்னு உக்காந்து பேசுனதுக்குத்தான் ரொம்ப நேரம் ஆச்சு. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், அத கழட்டிட்டு 30 வாட் ஃபேன் பன்னெண்டு மாட்டுனோம், ராத்திரி ஒம்போது மணி நேரம் ஓடுனாலும் மூணேகால் யூனிட்டுக்குள்ள முடிஞ்சிடுது. மோட்டார மத்தியானம் வெயில் இருக்கப்ப மட்டும்தான் போடுறோம். கிரைண்டருக்கு அந்த லைனே குடுக்கல, சமையல் அக்காவுக்கு அதுல வருத்தம்தான்.

கோபிசெட்டிபாளையம்:

நான் முன்னாடி வார்டு மெம்பரா இருந்தவனுங்க. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்துல ஓடந்துறை பஞ்சாயத்துக்கு ஒருக்கா போயிருந்தேன். தெருவிளக்கு, குடிதண்ணி மோட்டார் பில்லே பஞ்சாயத்து வருமானத்த தின்னுட்டு இருந்துதுங்க, அப்ப சண்முகம் ஐயா தலைவரா இருந்தாருங்க. 2006ல பேங்க் லோனும் பஞ்சாயத்து காசும் போட்டு ஒன்றரை கோடி சில்லறைல கரண்ட் எடுக்கற 350 கிலோவாட் காத்தாடி வாங்குனாங்க. ஒரு கிராமப் பஞ்சாயத்து லோன் போட்டு காத்தாடி வாங்கறதுன்னா எவ்வளவு தைரியம் வேணும்னு நான் அங்க நின்னு நெனச்சுட்டே இருந்தனுங்க. ஆனா காத்தாடி அந்த ஊர்ல இல்லீங்க, காத்து இருக்கற உடுமலைப்பேட்டை பக்கம் நிக்குது. அங்க ஓட்டி கரண்ட் போர்டு லைன்ல ஏத்திர்றாங்க, பஞ்சாயத்துக்கு ஆகற யூனிட்ட கழிச்சுட்டு மிச்சம் போர்டுக்கு விக்கறாங்க.

உங்க கதைய படிச்சதும் இதுதான் ஞாபகம் வந்துச்சுங்க. கணக்குல அந்த ஊரு தன்னிறைவு, ஆனா லைன் அறுந்தா காத்தாடி சுத்துனாலும் தெருவிளக்கு எரியாது. பில்லு தொல்லைக்கு அது சரியான வழி, புயலுக்கு உங்களுது. எந்தத் தொல்லைக்குப் போடறோம்னு முதல்ல கேக்காம எல்லாத்தயும் ஒரே பேர்ல விக்கறாங்க பாருங்க. இன்னொண்ணு கேக்கோணும், பேட்டரிக்கு தண்ணி யார் ஊத்தறாங்க?

யாழ்ப்பாணம், இப்ப டொராண்டோ:

1990க்குப் பிறகு அஞ்சு வருசம் எங்கட வீட்டில கரண்ட் எண்டதே இல்லை. மண்ணெண்ணெயும் காணாது, ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்சம் பஞ்சும் சொட்டு எண்ணெயும் விட்டுத்தான் படிச்சனாங்கள். செய்தி நேரத்துக்கு அப்பா சைக்கிளை ஸ்டாண்டில விடுவார், நான் பெடலைச் சுத்துவன், டைனமோ வயர் ரேடியோவுக்குப் போகும். கால் உளைஞ்சு மெல்லச் சுத்தினா குரல் இழுபடும், உடன அக்கா வந்து ஏறுவா. பக்கத்து வீட்டு ஆக்கள் எல்லாம் எங்கட விறாந்தையிலதான் இருந்து கேப்பினம்.

அதாலதான் எங்கட யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்துக் கரண்ட் செய்தி வந்தா நான் விடாமப் பாக்கிறனான். எழுவைதீவில சோலார், காத்தாடி, பேட்டரி, டீசல் நாலையும் சேர்த்து ஓடுற மாதிரிச் செய்தவை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூண்டுக்கும் அப்பிடிச் செய்ய இந்தியா உதவியோட 2024 மார்ச்சில ஒப்பந்தம் எழுதினவை. கடல் பொங்கினா படகு ஓடாது, படகு ஓடாட்டி டீசலும் வராது, அங்க இருக்கிற சனத்துக்கு இது பில்லுக் காசுக் கதை இல்லை.

திருத்துறைப்பூண்டி:

கோபி அண்ணே, சரியான எடத்துல கேட்டீங்க. மொத வருஷம் யாரும் ஊத்தல, நான் பாப்பேன்னு அக்கா, அக்கா பாப்பாங்கன்னு நான், ரெண்டு பேட்டரி காஞ்சு போச்சு. இப்ப வாட்ச்மேன் அண்ணனுக்கு மாசம் 300 ரூபா தனியா குடுத்து, மாசம் ஒண்ணாந்தேதி டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி நோட்டுல கையெழுத்து வாங்குறோம். எட்டையும் சேத்து மாத்துறதுக்குன்னு ஒரு சேமிப்புக் கணக்கும் தொடங்கியாச்சு. போன வருஷம் டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு ரெண்டு நாள் தெருவே இருட்டு, நம்ம வாசல்ல பிளக் போர்டு எடுத்து வச்சோம், அக்கம்பக்கத்துல உள்ளவங்க வந்து போன் சார்ஜ் போட்டுக்கிட்டு போனாங்க.