ஒர்லாண்டோ டிஸ்னி பூங்காக்களில் அமைதியாக அமர்ந்து சாப்பிட்ட அனுபவங்கள்

முதல் பகிர்வு

அனைவருக்கும் வணக்கம். வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு எட்டு நாள் பயணமாக வந்திருக்கிறோம். மூன்று நாட்கள் முடிந்துவிட்டன. என் மகனுக்கு ஏழு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. சவாரிகளின் வேகமோ வரிசையின் நீளமோ அவனை அவ்வளவாக வருத்துவதில்லை. பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதும் மூடிய கூடத்தைத்தான் அவனால் தாங்க முடியாது. புறப்படுவதற்கு முன் ஒவ்வொரு சவாரியைப் பற்றியும் படித்து, எங்கே திடீரென்று இருட்டு வரும், எங்கே வெடிச்சத்தம் வரும் என்றெல்லாம் குறித்து வைத்திருந்தேன். சாப்பாட்டைப் பற்றி மட்டும், எங்கே என்ன கிடைக்கும் என்பதற்கு மேல் நான் யோசிக்கவே இல்லை.

முதல் நாள் பகல் பன்னிரண்டரை மணிக்கு, கவுன்டரில் உணவை வாங்கிக்கொண்டு நாமே இடம் தேடி அமர வேண்டிய பெரிய உணவகம் ஒன்றுக்குள் நுழைந்தோம். தட்டுகளை ஏந்தியபடி நாற்காலிக்காகக் காத்திருந்த பத்து நிமிடங்களிலேயே அவன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்த நேரத்தில் எந்த உணவகமும் அப்படித்தான் இருக்கும். அதை அவர்கள் குறையாக நான் சொல்லவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, நடைபாதை ஓரத்தில் அமர்ந்து, ஆறிப்போன உணவை ஒவ்வொரு வாயாக ஊட்டினேன். மாலையில் அவனுக்கு எந்தச் சவாரியிலும் ஆர்வம் இல்லை. ஒரு வேளைச் சாப்பாடு கெட்டால் அந்த நாளே கெட்டுவிடும் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

மறுநாள் மேஜிக் கிங்டம் பூங்காவில், கொலம்பியா ஹார்பர் ஹவுஸ் என்ற பழைய துறைமுக விடுதி போன்ற உணவகத்துக்குப் பகல் கூட்டம் சேர்வதற்கு முன்பே போய்விட்டோம். கீழ்த்தளத்தில் உணவை வாங்கிக்கொண்டு பெரும்பாலோர் அங்கேயே அமர்ந்துவிடுகிறார்கள். நாங்கள் மாடிக்கு ஏறினோம். அங்கே ஒரே பெரிய கூடமாக இல்லாமல் சிறு சிறு அறைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று, பூங்காவின் லிபர்டி ஸ்கொயர் பகுதியிலிருந்து ஃபேண்டஸிலேண்ட் பகுதிக்குப் போகும் பாதைக்கு மேலே ஒரு பாலம்போல அமைந்திருக்கிறது. என் மகன் ஜன்னலோரம் அமர்ந்து, தனக்குக் கீழே மனிதர்கள் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே முழுத் தட்டையும் காலி செய்தான். தலையில் மாட்டியிருந்த இரைச்சல் தடுக்கும் ஹெட்ஃபோனைத் தானாகவே கழற்றிப் பக்கத்தில் வைத்தான். அதை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்னும் ஐந்து நாட்கள் இருக்கின்றன. உங்களுக்கு இப்படி அமைதியாக அமைந்த இடங்களையும் நேரங்களையும் எழுதினால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இரண்டாம் பகிர்வு

சகோதரிக்கு வணக்கம். தங்கள் மகனுக்கு ஏற்பட்டது வேறு வடிவில் எழுபத்து நான்கு வயதான என் அப்பாவுக்கும் ஏற்பட்டது. அவர் இரண்டு காதிலும் கேட்கும் கருவி அணிபவர். கருவி அணிந்திருந்தால் எல்லாம் தெளிவாகக் கேட்கும் என்று மற்றவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். தட்டும் கரண்டியும் மோதும் ஓசை, பக்கத்து மேசைச் சிரிப்பு, குழந்தையின் அழுகை எல்லாம் சேர்ந்து வரும்போது எதிரில் இருப்பவரின் பேச்சைப் பிரித்தெடுப்பது அவருக்குப் பெரும் உழைப்பு. பயணத்தின் தொடக்கத்தில் இரண்டு இரவுகள் எங்களோடு சாப்பிட வந்தும் ஒரு வார்த்தை பேசாமல், எல்லோரும் சிரிக்கும்போது தானும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேரப் பிள்ளைகளோடு பேச வேண்டும் என்றுதான் அவர் இவ்வளவு தூரம் வந்ததே. அதைப் பார்த்தபிறகு எனக்கு உணவு இறங்கவில்லை.

இரைச்சல் நிறைந்த இடத்தில் மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார்கள் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911-இல் எழுதினார். அதனால் அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஒரு மேசையில் குரல் உயர்ந்தால் அடுத்த மேசையிலும் உயர்கிறது. அதைக் கேட்டு முதல் மேசையில் மீண்டும் உயர்கிறது. ஆகவே பாதி நிறைந்த உணவகத்துக்கும் முழுதும் நிறைந்த உணவகத்துக்கும் உள்ள வேறுபாடு, ஆட்களின் எண்ணிக்கை சொல்வதைவிட அதிகமாகவே காதுக்குத் தெரிகிறது. கைப்பேசியில் ஒலியை அளக்கும் செயலியைப் போட்டுப் பார்த்தேன். இரவு ஏழு மணிக்கு நாங்கள் அமர்ந்த இடத்தில் 80 டெசிபெலைத் தாண்டிக்கொண்டே இருந்தது. இருவர் இயல்பாகப் பேசிக்கொள்ளும் ஒலி ஏறத்தாழ 60 டெசிபெல்தான். கைப்பேசியின் அளவு துல்லியமானதாக இருக்காது. ஆயினும் ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிட அது போதும்.

அடுத்து, அமைதியானது என்று பலரும் பரிந்துரைத்த, மங்கலான ஒளி கொண்ட ஓர் உணவகத்துக்குப் போனோம். உண்மையிலேயே அமைதிதான். ஆனால் காது மந்தமானவர்கள் பேச்சின் ஒரு பகுதியை உதட்டசைவிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை நான் மறந்துவிட்டேன். அந்த வெளிச்சத்தில் அப்பாவுக்கு எங்கள் முகமே சரியாகத் தெரியவில்லை. வயதானவர்களோடு போகிறவர்கள் சத்தத்தை எவ்வளவு கவனிக்கிறார்களோ, அவ்வளவு வெளிச்சத்தையும் கவனிக்க வேண்டும்.

எங்களுக்கு மிக நன்றாக அமைந்தது சனா என்ற உணவகம். அது பூங்காக்களுக்குள் இல்லை. அனிமல் கிங்டம் லாட்ஜ் விடுதியின் கிடானி வில்லேஜ் பகுதியில் இருக்கிறது. விடுதிகளில் உள்ள உணவகங்களுக்குச் செல்லப் பூங்கா நுழைவுச்சீட்டு தேவையில்லை. பேருந்தில் போய் இறங்கலாம். பெரிய ஜன்னல்களுக்கு வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கிகளும் வரிக்குதிரைகளும் நடமாடுகின்றன. நாங்கள் மாலை நான்கரை மணிக்கு, இருட்டுவதற்கு வெகு நேரம் முன்பே, மேசை முன்பதிவு செய்திருந்தோம். அப்பாவின் செவியியல் நிபுணர் முன்பே ஒன்று சொல்லியிருந்தார்: அவருடைய கருவியின் ஒலிவாங்கி எதிர்ப்புறக் குரலுக்கு முன்னுரிமை தருவதால், இரைச்சல் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி அமர வேண்டும். எனவே அப்பாவை ஜன்னலைப் பார்த்து, கூடத்துக்கு முதுகு காட்டி உட்கார வைத்து, ஜன்னலோரத்தில் நாங்கள் அவருக்கு எதிரே அமர்ந்தோம். நாணும் வேறு சில இந்தியப் பாணி ரொட்டிகளும் பலவகைச் சட்னிகளோடு வந்தன. அப்பா தன் பள்ளி நாட்களில் ஊருக்கு வந்த சர்க்கஸ் கூடாரத்தில் ஒட்டகச்சிவிங்கி பார்க்க ஆசைப்பட்டு, அது இல்லை என்று திரும்பிய கதையை என் மகளுக்கு முழுவதுமாகச் சொன்னார். அவள் கேட்ட கேள்விகளையும் ஒருமுறைகூடத் திருப்பிக் கேட்காமல் பதில் சொன்னார். எங்கள் பயணத்தில் எனக்கு மறக்க முடியாத ஒன்றரை மணி நேரம் அது.

மூன்றாம் பகிர்வு

எப்காட் பூங்காவில் இருப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். அங்கே நாடுகளின் பெயரில் உள்ள அரங்குகளில் பிரிட்டன், பிரான்ஸ் அரங்குகளுக்கு நடுவே இன்டர்நேஷனல் கேட்வே என்ற பின்வாசல் இருக்கிறது. அதன் வழியே வெளியேறினால் போர்ட்வாக், யாட் கிளப், பீச் கிளப் ஆகிய விடுதிகளுக்கு நடந்தே போய்விடலாம். பகல் உணவுக்கு அங்கே சென்று, சாப்பிட்டுவிட்டு, ஏரிக்கரையில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்து, அதே நுழைவுச்சீட்டோடு மீண்டும் உள்ளே வந்தோம். நண்பகலில் பூங்காவுக்குள் எல்லோரும் சாப்பாட்டுக்கு அலையும்போது விடுதிக்காரர்களில் பெரும்பாலோர் பூங்காவுக்குள்தான் இருக்கிறார்கள் என்பதால் விடுதி உணவகங்கள் காலியாகக் கிடக்கின்றன.

நான்காம் பகிர்வு

எனக்குப் பல ஆண்டுகளாக ஒற்றைத் தலைவலி. தொடர்ந்த இரைச்சல் இருந்தால் அன்று இரவே வந்துவிடும். பிள்ளைகளுக்காக மூன்று முறை இங்கே வந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

விலை கூடினால் சத்தம் குறையும் என்று முதல் பயணத்தில் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில் பெருந்தொகை கொடுத்து அமர்ந்த ஓர் உணவகத்தில் உயரமான கூரை, பளபளக்கும் கல் தரை, சுற்றிலும் கண்ணாடி, நடுவில் திறந்த சமையலறை. எழுந்த ஒலி எதிலும் உறிஞ்சப்படாமல் திரும்பத் திரும்ப எதிரொலித்தது. அன்றிலிருந்து முன்பதிவு செய்வதற்கு முன் அந்த உணவகத்தின் புகைப்படங்களைத் தேடி, உணவைப் பார்க்காமல் தரையையும் கூரையையும் பார்க்கிறேன். கம்பளம், துணித் திரை, பஞ்சு வைத்த இருக்கை, தாழ்ந்த கூரை, அறை அறையாகப் பிரித்த அமைப்பு, இவை இருந்தால் நம்பிப் போகலாம். சகோதரி சொன்ன மாடி அறைகள் அமைதியாக இருப்பதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ் போன்ற உணவகம் அமைதிக்குப் பெயர் பெற்றதுதான். ஆனால் அங்கே பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை என்பதால் குடும்பத்தோடு வருபவர்களில் பலருக்கு அது பயன்படாது. டிஸ்னி கதாபாத்திர வேடமிட்டவர்கள் மேசை மேசையாக வந்து கைகுலுக்கும் விருந்துகளை நான் முற்றிலும் தவிர்த்துவிடுகிறேன். பிள்ளைகளை அவற்றுக்கு அவர்கள் அப்பாவோடு அனுப்பிவிடுகிறேன்.

நேரம் என்பது இடத்தைவிட முக்கியம். பகல் உணவைப் பதினொரு மணிக்குள் அல்லது இரண்டரைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இரவு உணவை ஐந்து மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள். மேஜிக் கிங்டமில் பிற்பகல் அணிவகுப்பு நடக்கும் நேரமும் நல்லது. அதன் பாதையிலிருந்து தள்ளியிருக்கும் உணவகங்களில் கூட்டம் குறைந்திருக்கும். மேசை முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறக்கிறது. டிஸ்னி விடுதியில் தங்குபவர்கள், தங்கும் நாட்களில் பத்து நாள் வரைக்குமான மேசைகளை அன்றே சேர்த்துப் பதிந்துகொள்ளலாம். ஆறு மணி, ஏழு மணி மேசைகளுக்குத்தான் போட்டி. நான்கு மணி மேசைகள் கடைசி நாட்களிலும் கிடைக்கின்றன. கவுன்டர் உணவகங்களில் மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் செயலி வழியாக முன்கூட்டியே ஆர்டர் செய்துவிட்டால், பிள்ளையை வரிசையில் நிறுத்த வேண்டியதில்லை. ஒருவர் போய் உணவை வாங்கி வரும்வரை மற்றவர் பிள்ளையோடு வெளியே அமைதியான இடத்தில் காத்திருக்கலாம்.

வெளியிலிருந்து உணவு கொண்டுவரவும் அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரங்கள் கூடாது. மிகவும் முடியாத நாளில் கையில் ஏதேனும் இருந்தால் ஒதுக்குப்புறமான ஒரு பெஞ்சு போதும். நான்கு பூங்காக்களிலும் உள்ள கைக்குழந்தைப் பராமரிப்பு நிலையங்களையும் முதலுதவி நிலையங்களையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை எனக்குத் தலை சுற்றியபோது முதலுதவி நிலையத்தில் என்னைப் படுக்க வைத்து, விளக்கைக் குறைத்து, அரை மணி நேரம் யாரும் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொண்டார்கள்.

சகோதரி, தங்கள் மகனுக்கு ஒரு நாளை அனிமல் கிங்டம் பூங்காவுக்குக் கூடுதலாக ஒதுக்கிப் பாருங்கள். விலங்குகளின் நலன் கருதி அங்கே வாணவேடிக்கை கிடையாது, பலூன்களும் கிடையாது. பக்கத்தில் பலூன் வெடிக்குமோ என்ற அச்சமே இல்லாமல் பிள்ளை நடக்கலாம். அங்குள்ள ஃபிளேம் ட்ரீ பார்பெக்யூவில் உணவை வாங்கிக்கொண்டு, முன்னால் தெரியும் மேசைகளில் அமராமல், படிப்படியாக ஆற்றை நோக்கி இறங்கும் பாதையில் கடைசி வரை போங்கள்.

முதலில் எழுதியவரின் தொடர் பகிர்வு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியவற்றை வைத்தே மீதி நாட்களைத் திட்டமிட்டோம்.

ஃபிளேம் ட்ரீயில் சொன்னபடியே கடைசி வரை இறங்கினோம். கூரை வேய்ந்த சிறு மண்டபங்கள் தனித்தனியாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வேட்டையாடும் விலங்கும் அதன் இரையும் செதுக்கப்பட்டிருக்கின்றன. நீரோரத்தில் இருந்த மண்டபத்தில் எங்களைத் தவிர ஒரு வயதான தம்பதி மட்டுமே அமர்ந்திருந்தார்கள். ஆற்றின் மறுபக்கம் எவரெஸ்ட் மலைச் சவாரி தெரிந்தது. தொலைவிலிருந்து வரும் அலறலை என் மகன் ரசித்தான். அலறல் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஒரு சிப்ஸ் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். ஒலி எங்கிருந்து வருகிறது, எப்போது வரும் என்று தெரிந்துவிட்டால் அவனுக்கு அது அச்சமாக இருப்பதில்லை என்பதை இந்த வயதில்தான் நானே கற்றுக்கொள்கிறேன்.

சனாவில் நான்கு மணிக்கு மேசை கிடைத்தது. வாசலில் இருந்த பணியாளரிடம், பிள்ளைக்குச் சத்தம் ஆகாது, சமையலறைக் கதவுக்கும் நடைவழிக்கும் தள்ளி ஓரமான இடம் வேண்டும் என்று கேட்டேன். இவ்வளவு நாள் அப்படிக் கேட்கத் தயங்கியிருக்கிறேன். பத்து நிமிடம் காத்திருந்தால் மூலையில் ஒரு மேசை தர முடியும் என்று அவர் சொன்னார். அந்தப் பத்து நிமிடமும் வெளியே சென்று விலங்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஜன்னலிலிருந்து இரண்டு மேசை தள்ளித்தான் இடம் அமைந்தது. அதனால் ஒன்றும் குறையவில்லை. எங்களோடு வந்திருக்கும் மாமியாரை, அந்தச் சகோதரர் தன் அப்பாவுக்குச் சொன்ன முறையில், கூடத்துக்கு முதுகு காட்டி அமர வைத்தோம். அவருக்கும் ஒரு காது சற்று மந்தம் என்பதை இத்தனை ஆண்டுகளாக அவர் எங்களிடம் வெளிப்படையாகச் சொன்னதில்லை. அன்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

நாளை கடைசி நாள். எங்கே சாப்பிடலாம் என்று மகனிடம் கேட்டபோது, கைவிரலால் கீழே நடந்து போகும் மனிதர்களைப் போல மேசைமேல் நடந்து காட்டினான். கதவு திறக்கும் நேரத்துக்கே அந்த மாடி அறைக்குப் போய்விடுவதாக இருக்கிறோம்.