ஓவர்லே செய்தபின் வரும் ஊசித் துண்டுகளை எப்படி ஒழிப்பது?

வணக்கம். பைத்தானில் ஜியோபாண்டாஸ் (வரைபடத் தரவுக்கான நூலகம்) வைத்து நிலப்பயன்பாட்டு லேயரையும் நீர்ப்பிடிப்புப் பகுதி லேயரையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெட்டிச் சேர்க்கிறேன் (ஓவர்லே). ஒவ்வொரு நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் எந்தப் பயன்பாடு எத்தனை ஹெக்டேர் என்பதுதான் வேண்டும். ஓவர்லே பிழையில்லாமல் ஓடுகிறது. ஆனால் எல்லை நெடுக ஊசி போல மெலிந்த பாலிகன்கள் ஆயிரக்கணக்கில் முளைக்கின்றன. இரண்டு லேயரும் தனித்தனியாக வரையப்பட்டவை. ஒரே கரையை ஒன்று காட்டும் இடத்திலிருந்து மற்றது சில மீட்டர் தள்ளிக் காட்டுகிறது. காரணம் அதுதான்.

இரண்டையும் மீட்டரில் அளக்கும் ஒரே யூடிஎம் ஆயத்தொலை மண்டலத்துக்கு மாற்றிவிட்டேன். (அட்சரேகை-தீர்க்கரேகை முறையான ஈபிஎஸ்ஜி 4326-இலேயே விட்டால் பரப்பு சதுர டிகிரியில் வரும், அதை வைத்து என்ன செய்வது!) செல்லாத வடிவங்களையும் சரிசெய்தாயிற்று. வடிவங்களைக் கையாளும் ஷேப்லி 2 நூலகத்தில் உள்ள துல்லியக் கட்டத்தை (புள்ளிகள் போய் ஒட்டும் கட்டம்) 1 மீட்டருக்கு வைத்தால் மிக மெல்லியவை மட்டும் போகின்றன.

பரப்பளவு வரம்பு வைத்து நீக்கினால் நிஜமான சிறு குட்டைகளும் சேர்ந்து போய்விடுகின்றன, மொத்தப் பரப்பும் குறைகிறது. பரப்பைச் சுற்றளவின் வர்க்கத்தால் வகுத்து மெலிவைப் பார்த்தால் பரவாயில்லை, ஆனால் ஓடைகள் மாட்டுகின்றன.

அதனால் நீக்காமல், நீளமான பொது எல்லை உள்ள பக்கத்துப் பாலிகனோடு இணைக்க நினைக்கிறேன். வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் இதற்குக் கருவி உண்டு. எனக்கு ஸ்கிரிப்டிலேயே வேண்டும். ஒரு நிபந்தனை: இணைப்பு அதே நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள்தான் நடக்க வேண்டும், அந்த எல்லை நகரக் கூடாது.

ஜியோபாண்டாஸிலேயே இதைச் செய்த யாராவது இருக்கிறீர்களா? இல்லை, கிராஸ் மென்பொருளில் வடிவங்களைத் திருத்தும் வி.கிளீன் கருவிக்குப் போவதுதான் நல்லதா? அப்படியானால் ஸ்னாப் அளவை (எவ்வளவு அருகில் உள்ள புள்ளிகளை ஒட்டுவது என்பதை) எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? மெதுவாக ஓடினாலும் சரி, கணக்கு சரியாக வந்தால் போதும்.