மணிச்சுவர் உன் வலக்கைப் பக்கம் இருக்கட்டும்

*குழு: எங்கள் வீட்டார்*

அம்மா: இரண்டு நாளாகச் செய்தியே இல்லை. நேபாளத்தில் எங்கே இருக்கிறாய் கண்ணு?

நான்: க்யாஞ்சின் கோம்பா என்ற மலையூருக்கு வந்துவிட்டேன் அம்மா. வழியில் சிக்னல் கிடைக்கவில்லை. நன்றாக இருக்கிறேன். இப்போதுதான் பருப்பும் சோறும் சாப்பிட்டேன்.

தம்பி: நேற்றே போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமே அக்கா?

நான்: வழிகாட்டி விடவில்லை. லாமா ஹோட்டலிலிருந்து ஒரே நாளில் லாங்டாங் ஊர்வரை ஏறுவதாக இருந்தோம். நடுவழியில் கோடாதபேலா என்ற இடம் வந்ததும் எனக்குத் தலைவலி தொடங்கிவிட்டது.

அப்பா: லாமா ஹோட்டல் என்பது விடுதியா?

நான்: ஊரின் பெயரே அதுதான் அப்பா. அது 2,480 மீட்டரில் இருக்கிறது, லாங்டாங் 3,430 மீட்டரில். "மாத்திரை போட்டுக்கொண்டு நடந்துவிடுகிறேன்" என்றேன். அவர் பேசாமல் என் பையை வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டார். "பிஸ்தாரை, திதி" என்றார். மெதுவாக அக்கா என்று பொருள். உயரத்தில் தலைவலியோடு ஒரு அடிகூட ஏறக் கூடாதாம், விடியும்போதும் வலித்தால் கீழே இறங்குவோம் என்றார். விடிந்தபோது வலி போய்விட்டது.

அம்மா: யார் பெற்ற பிள்ளையோ, நூறாண்டு வாழட்டும்.

அப்பா: லாங்டாங், 2015 நிலநடுக்கத்தில் புதைந்துபோன ஊர்தானே?

நான்: ஆமாம் அப்பா. ஏப்ரல் 25, நண்பகலுக்குச் சற்று முன். மேலே லாங்டாங் லிருங் மலையிலிருந்து பனியும் பாறையும் சரிந்து ஊரை மூடிவிட்டன. பாறைக் குடைவின் கீழே இருந்த ஒரே ஒரு வீடுதான் தப்பியது. சரிவு கிளப்பிய காற்றில் எதிர்க்கரை மரங்கள்கூட வரிசையாகச் சாய்ந்தன. இன்றைய ஊரைச் சற்றுத் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். பாதை அந்தக் கற்குவியலின் மேலேயே போகிறது. அதுவரை ஒவ்வொரு செடிக்கும் பெயர் சொல்லிக்கொண்டு வந்தவர் அங்கே வாய் திறக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

நான்: நானும் எதையும் கேட்கவில்லை. இரவில் அடுப்பருகே உட்கார்ந்திருந்தபோது அவராகவே சொன்னார். அன்று அவர் மேலே யாக் மேய்ச்சலில் இருந்திருக்கிறார். அவருடைய அம்மா ஊரில்.

அம்மா: ஐயோ.

அப்பா: நான் வணக்கம் சொன்னதாக அவரிடம் சொல் அம்மா.

நான்: சொல்கிறேன் அப்பா. இன்று வழி நெடுக மணிச்சுவர்கள். மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிக் கட்டிய நீண்ட சுவர்கள். சுவர் நம் வலக்கைப் பக்கம் இருக்கும்படிதான் கடக்க வேண்டும், நாம் கோயிலை வலம் வருவதைப் போல. ஒரு கல் முன்னால் மட்டும் அவர் நின்று தொட்டுவிட்டு வந்தார். நானும் தொட்டேன்.

சித்தி: இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். கண் கலங்கிவிட்டது. ஒன்று கேட்க வேண்டும். அடுத்த மாதம் நாங்கள் முக்திநாத் போகிறோம் அல்லவா? போகராவிலிருந்து ஜீப்பில் ஒரே நாளில் ஏற்றிவிடுவதாகச் சொல்கிறார்கள்.

நான்: வேண்டாம் சித்தி. போகரா ஆயிரம் மீட்டர்கூட இல்லை, முக்திநாத் 3,700க்கு மேல். நடந்தாலும் ஜீப்பில் போனாலும் உடம்புக்கு உயரம் உயரம்தான். ஜோம்சோமில் இரண்டு இரவு தங்குங்கள், அது 2,700 மீட்டர் அளவில் இருக்கிறது. சித்தப்பாவுக்கு இரத்த அழுத்தம் வேறு. டாக்டரைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

சித்தி: பெருமாளைப் பார்க்க அவசரப்படுவது சித்தப்பாதான். இதை அப்படியே அவருக்குக் காட்டுகிறேன்.

அம்மா: நாளைக்கும் ஏறப் போகிறாயா?

நான்: நாளை ஓய்வு அம்மா. இங்கே யாக் பாலில் பாலாடைக்கட்டி செய்யும் இடம் இருக்கிறது, அதைப் பார்ப்போம். க்யாஞ்சின் ரீ உச்சி மறுநாள்தான், அதுவும் அவர் சரி என்றால்.