எத்தனாலும் ஈதரும்: பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு எப்படி விளக்குவது?

வணக்கம். மகள் பத்தாம் வகுப்பு. கரிமச் சேர்மங்களுக்குப் பெயரிடுவதில் ஒருவழியாகத் தேறிவிட்டாள். 3-மெத்தில்பியூட்டேன் என்று எழுதிவிட்டு, மறுமுனையிலிருந்து எண்ணி, தானே 2 என்று திருத்துகிறாள். சிக்கல் மாற்றியத்தில்தான்; அதாவது அணுக்கள் அதே எண்ணிக்கையில் இருந்தும் அமைப்பு வேறாக இருக்கும் சேர்மங்களில். எத்தனாலிலும் டைமெத்தில் ஈதரிலும் இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். ஆனால் எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவம். இந்த ஈதரோ அறை வெப்பநிலையிலேயே வாயு. "அதே அணுக்கள்தானே அப்பா, பிறகு ஏன்?" என்கிறாள். ஹைட்ரஜன் பிணைப்பு என்றேன். அது என்ன என்று அடுத்த கேள்வி!

களிமண் உருண்டையும் தீக்குச்சியும் வைத்து மாதிரி செய்தோம். ஆக்சிஜன் இடம் மாறியிருப்பது தெரிகிறது; மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது தெரியவில்லை. மேல்நிலைப் பாடத்துக்குள் போகாமல் இதைக் காட்ட வழி உண்டா? வேதியியல் ஆசிரியர்கள் யாரேனும் சொல்லுங்களேன். சனிக்கிழமை தேர்வு.