ஈ.சி.யு. போய்விட்டது என்றார்கள்

உப்புவெளியிலிருந்து, வாடகை வான் வைத்திருப்பவர்:

மார்கழி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், கந்தளாயைத் தாண்டி ஹபரணைப் பக்கம் போய்க்கொண்டிருந்த என் பெற்றோல் வான், பயணிகளோடு நடுவீதியில் நின்றுபோனது. அரை மணித்தியாலம் கழித்துச் சாவியைத் திருப்பியபோது ஒன்றுமே நடவாததுபோல இயங்கியது. அடுத்த பத்து நாட்களுக்குள் இரண்டு தடவை அவ்வாறே செய்துவிட்டு, பிறகு வீட்டு வாசலில் நின்றது. அதன்பின் எழும்பவே இல்லை.

முதலில் காட்டிய கராஜில் பழுதறியும் ஸ்கேனரைப் பொருத்தினார்கள். எஞ்சின் கணினியோடு அதற்குத் தொடர்பு கிடைக்கவில்லை. அதைக் கண்ட மாத்திரத்தில் ஈ.சி.யு., அதாவது அந்தக் கணினிப் பெட்டி, போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லி, பாவித்த பெட்டியொன்றை 85,000 ரூபாய்க்கு வரவழைத்துப் பூட்டினார்கள். வான் அப்போதும் எழும்பவில்லை. இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு உள்ள வாகனத்தில் சாவியின் குறியீடு பழைய பெட்டியிலேயே பதிந்திருக்கும், அதைப் புதியதற்கு மாற்றி எழுதினால்தான் எஞ்சின் இயங்கும் என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் அசல் பழுது ஒளிந்துகொண்டது. புதிய பெட்டியோடும் ஸ்கேனரால் பேச முடியவில்லை என்பதை நான் உட்பட எவரும் அன்று யோசிக்கவில்லை.

கடைசியில் மைத்துனரின் லொறியில் வானைக் கட்டி இழுத்துக்கொண்டு கிண்ணியாவில் உள்ள ஒரு வயரிங் பாஸிடம் (வாகன மின்வயர் வேலை செய்பவரிடம்) போனோம். 2009 இல் பாலம் திறக்கப்படுவதற்கு முன்பு, 'பாதை' என்ற மிதவையில் ஏற்றி அக்கரை சேர்க்க வேண்டியிருந்த காலமாக இருந்திருந்தால், இந்த யோசனையே வந்திருக்காது.

அந்த நானா ஸ்கேனரை எடுக்கவில்லை. பழைய பெட்டியையே திரும்பப் பூட்டச் சொல்லிவிட்டு, "தம்பி, சாவியை ஓனில் வையுங்கள், எஞ்சின் விளக்கு எரிகிறதா?" என்று கேட்டார். எரியவில்லை. எஞ்சினை இயக்குவதற்கு முன் அந்த விளக்கு எரிந்தே ஆக வேண்டும். எரியாவிட்டால் கணினி விழிக்கவேயில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும், அது விழிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் வெளியில்தான் இருக்கும் என்றார். பியூஸ், பிரதான ரிலே, ஏர்த் வயர்கள் எல்லாம் சரியாக இருந்தன. பிறகு திரொட்டில் சென்சரின் பிளக்கில் பின்பக்கமாக ஊசியைச் செருகி அளந்தார். 5 வோல்ட் இருக்க வேண்டிய வயரில் 0.2 வோல்ட் இருந்தது.

பற்றறியின் 12 வோல்ட்டிலிருந்து கணினி தனக்குள் சீரான 5 வோல்ட் மின்சாரம் ஒன்றை உண்டாக்கி, அதைப் பல சென்சர்களுக்கும் பகிர்ந்தளிக்கிறது. அந்த வயர் வாகனத்தின் உடம்பில் எங்கேனும் ஓர் இடத்தில் பட்டுவிட்டாலும் அந்த மின்னழுத்தம் சரிந்துவிடும். பல வாகனங்களில் கணினியே ஊமையாகிவிடும். நானா சென்சர்களின் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்ற, நான் மீற்றரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கழற்றியும் எண் அசையவில்லை. முன்பக்கத்தில் ஏசி அழுத்தச் சென்சருக்குப் போகும் வயர்க் கட்டை அவர் பிடித்து இழுத்தபோதுதான் மீற்றர் சட்டென்று 4.98 காட்டியது, டாஷ்போர்டில் விளக்கும் எரிந்தது. ரேடியேட்டர் தாங்கியின் விளிம்பில் உரசி உரசி வயரின் தோல் அரை அங்குலத்துக்குத் தேய்ந்து, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. பழுதான துண்டை வெட்டி, புதிய வயரைப் பற்றாசு வைத்து இணைத்து, சூட்டில் சுருங்கும் உறையைப் போட்டுக் கட்டினார். கூலி 3,500 ரூபாய். 85,000 ரூபாய்ப் பெட்டி இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. கொடுத்தவர்கள் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள்.

உவர்மலையிலிருந்து, எலக்ட்ரோனிக்ஸ் திருத்துபவர்:

மேலே சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. என் மேசைக்கு வரும் பெட்டிகளிலும் குற்றமற்றவை பல. ஆயினும் பெட்டியே பழுதாவதும் உண்டு. பலகையில் பற்றாசு விரிசல் விடக்கூடும் என்பதற்காக, 2010 இல் டொயோட்டா நிறுவனம் வட அமெரிக்காவில் விற்ற பதினொரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கொரோலா, மெட்ரிக்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. நம் ஊரில் நான் அதிகம் காண்பது உப்பும் ஈரமும் செய்யும் வேலையை.

மீன் ஏற்றும் பிக்கப் ஒன்றில் மூன்றாவது சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை. உரிமையாளர் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரை இரண்டு முறை மாற்றியிருந்தார். இன்ஜெக்டருக்கு 12 வோல்ட் வந்தது, வயரிலும் அறுப்பில்லை, ஆனால் அதைத் திறக்கச் சொல்லும் மின்துடிப்பு மட்டும் பெட்டியிலிருந்து வரவில்லை. திறந்து பார்த்தபோது, முன்கண்ணாடி றப்பர் வழியாகக் கசிந்த மழைநீர் பலகையின் ஒரு மூலையில் வெண்பச்சைப் படலமாக உறைந்திருந்தது. ஐசோபுரோப்பைல் அல்கஹோலும் பல்துலக்கியும் கொண்டு துடைத்தபோது, அரிபட்ட செம்புக்கோடு ஒன்று படலத்தோடு சேர்ந்தே உதிர்ந்தது. அங்கே மெல்லிய கம்பியால் பாலமிட்டு, அந்த இன்ஜெக்டரை இயக்கும் டிரான்சிஸ்டரை மாற்றி, மேலே காப்புப் பூச்சுப் பூசினேன். கண்ணாடி றப்பரை மாற்றாமல் பெட்டியைத் திருப்பித் தர மாட்டேன் என்று சொன்னதற்கு அவர் கோபித்துக்கொண்டார்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். பெட்டிக்கு வரும் மின்சாரத்தை மீற்றரால் மட்டும் அளந்து திருப்திப்படாதீர்கள். வயருக்குள் ஒரேயொரு இழை மிஞ்சியிருந்தாலும் மீற்றர் 12 வோல்ட் காட்டும். பிளக்கைக் கழற்றி, அதன் மின்வழங்கல் முனைக்கும் ஏர்த் முனைக்கும் நடுவே 21 வாட் பல்ப் ஒன்றை எரியவிட்டுப் பாருங்கள்.

மூதூரிலிருந்து:

என் வான் மேடு ஏறும்போதெல்லாம் இருமிக்கொண்டு நிற்கும். எனக்கும் பெட்டியை மாற்றத்தான் சொல்லியிருந்தார்கள். இதைப் படித்துவிட்டுச் சாவியை ஓனில் வைத்தேன், விளக்கு எரிந்தது. பல்ப் வைத்துப் பார்த்தேன்; தணல்போல மங்கலாகத்தான் எரிந்தது. எஞ்சினில் ஏர்த் வயர் பூட்டியிருக்கும் போல்ட்டைக் கழற்றியபோது அடியில் துரு மாவாகக் கொட்டியது. உப்புத்தாளால் தேய்த்துத் திரும்பப் பூட்டினேன். இன்றோடு மூன்று நாள், வான் இன்னும் நிற்கவில்லை.